கால் சோர்ந்தால் கையும் தவறும்

நேயர்களுக்கு வணக்கம். 2017 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் நடந்த உலக இறகுப்பந்து இறுதி ஆட்டத்தை உங்களில் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். பி.வி. சிந்துவும் ஜப்பானின் நொசோமி ஒகுஹாராவும் 110 நிமிடம் ஆடினார்கள். 21-19, 20-22, 22-20. இரண்டாவது கேமின் கடைசிப் புள்ளிக்கு மட்டும் 73 அடிகள்! அந்தப் புள்ளி சிந்துவுக்கு, பட்டம் ஒகுஹாராவுக்கு.

அதைப் பார்த்துவிட்டு, "ஸ்டாமினாதான் முக்கியம்" என்று பிள்ளைகளைத் தினமும் மைதானத்தைச் சுற்றி ஓடவிடும் பெற்றோர் உண்டு. ஓடட்டும், தப்பில்லை. ஆனால் ஒற்றையர் ஆட்டத்தில் ஒருவர் காக்க வேண்டிய இடம் 6.7 மீட்டர் நீளம், 5.18 மீட்டர் அகலம்தான். அதற்குள் சில நொடி வேகம், சிறிது ஓய்வு, மறுபடி வேகம். முன்னால் பாய வேண்டும், பின்னால் நகர வேண்டும், எம்ப வேண்டும், சட்டென்று திரும்ப வேண்டும். ஒரே சீராக ஓடிப் பழகிய கால் இதற்குப் போதாது.

களைப்பு வந்ததும் முதலில் காணாமல் போவது ஸ்ப்ளிட் ஸ்டெப். எதிராளி அடிக்கும் நேரத்தில் நாம் போடும் அந்தச் சின்னத் துள்ளல். அது போனால் ஷட்டிலை எட்டக் கொஞ்சம் தாமதமாகும். ஷட்டில் தலைக்குப் பின்னால் போய்விடும். எதிராளியின் கடைசிக் கோடு வரை உயரமாகப் போக வேண்டிய அடி, அதாவது கிளியர், நடுவிலேயே விழும், எதிராளி மேலிருந்து ஓங்கி ஸ்மாஷ் அடிப்பார். வெளியிலிருந்து பார்ப்பவர் கையைக் குறை சொல்வார். கோளாறோ காலில் இருக்கும்.

மறுபக்கமும் உண்டு. ராக்கெட்டை எப்போதும் இறுக்கிப் பிடிக்கும் பிள்ளைக்கு முதல் கேமிலேயே முன்கை கடுக்கும். உயரமாக, ஆழமாக கிளியர் அடிக்கத் தெரிந்தவருக்கோ நடுவுக்குத் திரும்பி மூச்சு வாங்க நேரம் கிடைக்கும். நல்ல அடியே ஓய்வுதான். 2019இல் சுவிட்சர்லாந்தின் பாசலில் நடந்த உலகப் போட்டியின் இறுதியில் சிந்துவும் ஒகுஹாராவும் மறுபடி மோதினார்கள். சிந்து 21-7, 21-7 என 38 நிமிடத்தில் முடித்துவிட்டார். மாறி மாறி அடித்துக்கொண்டே போகும் நீண்ட ரேலிக்கே பெரிதாக வேலையில்லை.

அதனால் புதிய அடியைப் பயிற்சியின் தொடக்கத்தில், உடம்பு தெளிவாக இருக்கும்போது கற்றுக்கொடுங்கள். தெரிந்த அடியைக் கடைசியில், களைத்த பிறகு அடிக்கவையுங்கள். நடுவில் ஷேடோ: ஷட்டில் இல்லாமல், அடிப்பதுபோலவே, முன், நடு, பின் என இருபக்கமும் உள்ள ஆறு மூலைக்கும் இருபது நொடி ஓட்டம், அப்புறம் இருபது நொடி ஓய்வு. கால் வைப்பு குலைய ஆரம்பித்தால் நிறுத்திவிடுங்கள். குலைந்த அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால் அதுவே பழகிவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு எடை தூக்குவதைவிட ஸ்கிப்பிங் கயிறு நல்லது என்பது என் கட்சி.

ஒரு சோதனையும் சொல்கிறேன். கோர்ட்டின் பின்பக்கம் இரண்டு கோடுகள் இருக்கும், இடைவெளி 76 சென்டிமீட்டர். பயிற்சியின் தொடக்கத்தில் பத்து கிளியர் அடிக்கச் சொல்லி, எத்தனை அந்த இடைவெளியில் விழுகின்றன என்று எண்ணுங்கள். ஷேடோ முடிந்ததும் இன்னொரு பத்து. முதல் எண்ணே குறைவென்றால் அடியைச் சரிசெய்ய வேண்டும். இரண்டாவது மட்டும் சரிந்தால் காலுக்கு வேலை கொடுங்கள். இரண்டு எண்களையும் குறித்துவைத்துப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். அடுத்த மாதப் பயிற்சியை அதை வைத்தே அவர் திட்டமிடலாம்.

நன்றி, வணக்கம்.