கோர்ட் வாசலும் கேல்லி ஹவுஸின் மனுவும்

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழித்தோன்றல்களுக்கு இழப்பீடு பெற்றுத் தரப்போவது நீதிமன்ற வழக்கா, மக்கள் முறையீடா?" என்பது தலைப்பு. முறையீடுதான் என்று சொல்ல வந்திருக்கிறேன். முறையீடு என்றால் மனு எழுதிப் போடுவது மட்டுமில்லை. சங்கம் சேர்ப்பது, கையெழுத்து வாங்குவது, மசோதா கொண்டுவர வைப்பது, பழைய கணக்கை எடுத்துக்கொண்டு நாடாளுமன்றத்தின் வாசலிலும் திருச்சபையின் வாசலிலும் போய் நிற்பது எல்லாமே அதில் அடக்கம்.

எதிரணித் தலைவர் ஹென்ரியட்டா வுட்டைச் சாட்சிக்கு அழைத்தார். நல்ல சாட்சி, மறுக்கவில்லை. 1848ல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் விடுதலை பெற்ற பெண். 1853ல் அவரை ஏமாற்றி ஒஹாயோ ஆற்றைத் தாண்டி, அடிமை முறை இருந்த அக்கரைக்குக் கொண்டுபோய், மறுபடி அடிமையாக விற்றார்கள். அடிமை முறைக்கு முடிவு கட்டிய உள்நாட்டுப் போர் முடிந்து ஊர் திரும்பியவர், தன்னைக் கடத்திய செபுலன் வார்டு மீது 1870ல் 20,000 டாலர் கேட்டு வழக்குப் போட்டார். 1878ல் 2,500 டாலர் தீர்ப்பானது. அமெரிக்க நீதிமன்றம் ஒன்று அடிமைத்தனத்துக்காகக் கொடுக்கச் சொன்ன தொகைகளில், நமக்குத் தெரிந்தவரை இதுதான் பெரியது.

ஆனால் அவர் எப்படி ஜெயித்தார் என்று பாருங்கள். பாதிக்கப்பட்டவர் உயிரோடு இருந்தார். செய்தவனும் உயிரோடு இருந்தான், கையில் சொத்தும் இருந்தது. சட்டப்படி சுதந்திரமான ஒரு பெண்ணைக் கடத்தினான் என்பதுதான் வழக்கு. பிறந்ததிலிருந்தே அடிமையாக இருந்த லட்சக்கணக்கானவர்களுக்கு இந்தக் கதவு அன்றைக்கே திறக்கவில்லை. அவர்களுடைய பேரனுக்குப் பேரன் போய் நின்றால் இன்றைக்கு எப்படித் திறக்கும்?

எதிரணியின் இன்னொரு நண்பர் மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணியைச் சொன்னார். அந்தப் பசுவிடம் யாரும் "எத்தனை வருஷம் கழித்து வந்தாய்? செத்தது உன் கன்றுதான் என்பதற்குப் பத்திரம் இருக்கிறதா? அரசன் சம்மதித்தானா, அவன் மேல் புகார் சொல்ல?" என்று கேட்கவில்லை. அமெரிக்க நீதிமன்றங்கள் இந்த மூன்றையுமே கேட்கின்றன. காலவரம்பு, வழக்காடும் தகுதி, அரசு தானாகச் சம்மதிக்காமல் அரசின் மேல் வழக்கு இல்லை என்ற விதி. அடிமைத்தனத்துக்கு இழப்பீடு கேட்டு அமெரிக்க அரசு மேல் போட்ட கேட்டோ வழக்கை 1995ல் தள்ளுபடி செய்த மேல்முறையீட்டு நீதிமன்றம், இதைப் போய்க் கேட்க வேண்டிய இடம் சட்டமன்றம்தான் என்கிற பொருளிலேயே எழுதியது. நடுவர் அவர்களே, கோர்ட்டே எங்கள் அணிக்குக் கைகாட்டிவிட்ட பிறகு நான் வேறென்ன சொல்ல?

சரி, இப்போது நான் ஒருவரை அழைத்து வருகிறேன். பெயர் கேல்லி ஹவுஸ். 1861 வாக்கில் டென்னசி மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். கணவரை இழந்தவர், ஐந்து பிள்ளைகள், ஊரார் துணியை வெளுத்துக் கொடுத்துப் பிழைப்பு. அவரைச் சுற்றி எங்கு பார்த்தாலும் கிழடு தட்டிய முன்னாள் அடிமைகள். வாழ்நாளெல்லாம் பருத்தி பறித்துக் கை விரல் மடங்காதவர்கள், செத்தால் அடக்கம் பண்ணக் காசில்லாதவர்கள். போரில் சண்டை போட்ட சிப்பாய்க்குப் பென்ஷன் உண்டு. கூலியில்லாமல் உழைத்த இவர்களுக்கு ஏன் இல்லை? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு 1890களின் கடைசியில் நாஷ்வில்லில் ஒரு சங்கம் நடத்தினார். சேர 25 சென்ட், மாதம் 10 சென்ட். அந்தக் காசில் உறுப்பினருக்கு நோய் வந்தால் உதவி, இறந்தால் அடக்கச் செலவு. மீதியில் மனு, மசோதா, ஊர் ஊராகக் கூட்டம். 70 வயது தாண்டியவருக்கு ரொக்கமாக 500 டாலர், மாதம் 15 டாலர் என்று கணக்குப் போட்டுக் கேட்டார்கள். சங்கத்தில் லட்சக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள்.

அரசு என்ன செய்தது தெரியுமா? 1899லேயே தபால் துறை அவர்களுடைய கடிதங்களைத் தடுத்தது. அரசு சொன்ன காரணத்தைக் கேளுங்கள்: நாங்கள் ஒருபோதும் தரப்போவதில்லை, ஆகவே கிடைக்கும் என்று நம்பவைத்துக் காசு வாங்குவது மோசடி! கேல்லி ஹவுஸ் பயப்படவில்லை. குறைகளைச் சொல்லி அரசிடம் முறையிடும் உரிமையை அரசமைப்பே தந்திருக்கிறது என்று அதே தபால் துறைக்குப் பதில் எழுதினார். துணி வெளுக்கும் ஒரு பெண், அரசமைப்பைப் பிரித்து வைத்துக்கொண்டு அரசுக்கு எழுதுகிறார். இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்புறம், எதிரணிக்குப் பிடித்த வழியையும் அந்தச் சங்கம் விட்டுவைக்கவில்லை. 1915ல் அரசு மேல் வழக்குப் போட்டது. 1862 முதல் 1868 வரை பருத்திக்கு வசூலித்த வரி கருவூலத்தில் இருக்கிறது, அந்தப் பருத்தி எங்கள் உழைப்பு, 6 கோடியே 80 லட்சம் டாலரை எங்களுக்குக் கொடுங்கள் என்றது. அரசு சம்மதிக்காமல் அரசு மேல் வழக்கில்லை என்று தள்ளுபடியானது. அதோடு விட்டார்களா? 1917ல் முழுக்க வெள்ளை ஆண்களே உட்கார்ந்திருந்த ஜூரி, அவரை மோசடிக்காரி என்று சொல்லி ஒரு வருஷத்துக்கு மேல் சிறைத் தண்டனை வாங்கிக் கொடுத்தது. "உங்கள் கேல்லி ஹவுஸுக்குக் கிடைத்தது சிறைதானே" என்று எதிரணி கேட்கலாம். ஆமாம், கிடைத்தது. அந்தச் சிறையைக் கொடுத்தது யார்? கோர்ட்தான்.

இன்னொரு உண்மையையும் சொல்கிறேன். அடிமைத்தனத்துக்காகப் பெரிய இழப்பீடு வாங்கியவர்கள் உண்டு. அவர்கள் அடிமைகள் இல்லை, முதலாளிகள்! 1833ல் பிரிட்டன் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தபோது, உடைமை போயிற்று என்று முதலாளிகளுக்கு 2 கோடி பவுன் கொடுத்தது. அரசின் ஓராண்டுச் செலவில் ஏறக்குறைய 40 சதவீதம். எந்தக் கோர்ட்டில் கேஸ் போட்டு வாங்கினார்கள்? எதிலும் இல்லை. நாடாளுமன்றத்தில் ஆள் வைத்து, மந்திரிகளை நெருக்கி, முதலில் ஒன்றரைக் கோடிக் கடன் என்று சொன்னதை 2 கோடி மானியமாக்கிக்கொண்டார்கள். அடிமையாக இருந்தவருக்கு ஒரு காசு இல்லை. அதற்காக வாங்கிய கடன் 2015ல்தான் தீர்ந்தது. கரீபியனிலிருந்து லண்டனுக்கு வந்து பஸ் ஓட்டிய, நர்ஸ் வேலை பார்த்த அடிமைகளின் பேரப்பிள்ளைகள் கட்டிய வரியும் அதில் போயிருக்கிறது! மொரீஷியஸ் முதலாளிகளும் அந்தப் பணத்தில் பங்கு வாங்கினார்கள். அங்கே விடுதலையானவர்கள் விட்டுப்போன கரும்புத் தோட்டத்துக்குத்தான் சென்னையிலிருந்தும் நம் ஜனங்களைக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். ஆக, முறையீட்டின் பலம் முதலாளிக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

1783ல் மாசசூசெட்ஸில் பெலிண்டா என்ற மூதாட்டி சட்டமன்றத்துக்கு மனு கொடுத்தார். சின்னப் பெண்ணாக ஆப்பிரிக்காவில் பிடிபட்டு, ஐசக் ராயல் குடும்பத்துக்கு ஐம்பது வருஷம் உழைத்தவர். எழுதத் தெரியாது, மனுவில் ஒரு குறி மட்டும் போட்டார். ராயல் சொத்திலிருந்து வருஷத்துக்கு 15 பவுன் 12 ஷில்லிங் கொடுக்கச் சொன்னது சட்டமன்றம். பணம் சீக்கிரமே நின்றுபோனது. அவர் நிற்கவில்லை, திரும்பத் திரும்ப மனுப் போட்டார். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது நாம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வார்த்தை. அந்த அம்மா அதை வாழ்ந்து பார்த்தார்.

நம் காலத்துக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரில் முகாம்களில் அடைப்பதற்காக ஜப்பானிய அமெரிக்கர்களை ஊரைவிட்டு வெளியேற்றிய ஆணை சரி என்று 1944ல் சொன்னது அமெரிக்க உச்ச நீதிமன்றம். அதே மக்கள் வருஷக்கணக்கில் முறையிட்டு 1988ல் சட்டமாக வாங்கினார்கள், உயிரோடு இருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலரும் மன்னிப்பும். எவன்ஸ்டன் என்ற ஊரின் நகர மன்றம், வீட்டு விஷயத்தில் ஒதுக்கப்பட்ட கறுப்பினக் குடும்பங்களுக்கு ஆளுக்கு 25,000 டாலர் என்று தொடங்கியது. தொகை சின்னது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2024ல் அதையும் நிறுத்தச் சொல்லி எங்கே போனார்கள் தெரியுமா? கோர்ட்டுக்கு!

கடைசியாக ஒன்று. 1865 ஜனவரியில் ஜெனரல் ஷெர்மன், விடுதலையானவர்களுக்குக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை நிலம் என்று ஆணை போட்டார். நாற்பதாயிரம் பேர் குடியேறினார்கள், விதைத்தார்கள். அந்த வருஷமே ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் நிலத்தைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பிக் கொடுத்தார். அந்த 40ஐ மறக்கக் கூடாது என்றுதான், இழப்பீட்டை ஆராய ஒரு குழு கேட்டு 1989ல் நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் கான்யர்ஸ் முதலில் கொண்டுவந்த மசோதாவுக்குப் பின்னாளில் 40 என்று எண் வந்தது. அவர் பதவியை விட்டுப் போகும்வரை கூட்டத்தொடர் தவறாமல் கொண்டுவந்தார். பிறகு ஷீலா ஜாக்சன் லீ எடுத்துக்கொண்டார். 2024ல் அவர் காலமானார். 2025 பிப்ரவரியில் அயானா பிரெஸ்லி அதே மசோதாவை, அதே 40ஆம் எண்ணோடு, மறுபடியும் அவையில் வைத்தார்.

தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.