ஸ்பேனர் இரவல் கேட்டா சைக்கிள் கடைக்காரர் ஏன் தர மாட்டேங்கறார்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

எல்லாருக்கும் வணக்கம். போன வீடியோவுக்கு வந்த கேள்விகள்ல பாதி பிரேக் ஷூ, பாதி செயின். அதையெல்லாம் அடுத்த வாரம் பாத்துக்கலாம். இன்னிக்கு ஒரே ஒரு கேள்வி. கொஞ்சம் கோவமாவே வந்திருக்கு, அதனால முதல்ல இதுக்கு பதில் சொல்லிடறேன்.

சென்னை பெரம்பூர்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். ஆன்லைன்ல கியர் சைக்கிள் வாங்கியிருக்கார். மூணு மாசத்துல இடது பக்க பெடல் மிதிக்கறப்போ டக் டக்னு சத்தம். தெருமுனை சைக்கிள் கடைக்குப் போய், "அண்ணா, ஒரு 15 எம்எம் ஸ்பேனர் குடுங்க, ரெண்டு நிமிஷத்துல டைட் பண்ணிட்டுத் தந்துடறேன்"னு கேட்டிருக்கார். கடைக்காரர், "டூல்ஸ் எல்லாம் தர்றதில்லப்பா, வண்டிய விட்டுட்டுப் போ, சாயந்திரம் வா, 100 ரூபா"ன்னு சொல்லிட்டாராம். தம்பிக்கு மனசு ஆறல. "எங்கப்பா சின்ன வயசுல கடை வாசல்லயே உக்காந்து அவரே கழட்டி மாட்டுவாராம். இப்ப ஒரு ஸ்பேனர் தர்றதுக்குக் கூட மனசில்லையா? இதுக்குப் பேரு கஸ்டமர் சர்வீஸா?"ன்னு கேக்கறார்.

தம்பி, ஸ்பேனர் தராதது தப்பில்ல. ஆனா ஒரு பெடலுக்காக வண்டிய காலையில இருந்து சாயந்திரம் வரைக்கும் விட்டுட்டுப் போகச் சொன்னாரு பாருங்க, அது தப்பு. ரெண்டையும் தனித்தனியா பேசணும். நான் வில்லிவாக்கத்துல கடை வெச்சிருக்கறவன், அதனால கடைக்காரனுக்குத்தான் சப்போர்ட் பண்ணுவேன்னு நினைக்காதீங்க. எங்க ஆளுங்களைப் பத்தியும் சொல்ல இருக்கு.

உங்கப்பா சொன்னது உண்மைதான். நான் பதினாலு வயசுல வியாசர்பாடியில ஒரு வாடகை சைக்கிள் கடையில எடுபிடியா சேந்தேன். அங்க வாசல்ல இருந்த கம்பத்துல ஒரு டபுள் எண்ட் ஸ்பேனர் கயிறு போட்டுக் கட்டியிருக்கும். போஸ்ட் ஆபீஸ்ல பேனா கட்டி வெச்சிருப்பாங்களே, அந்த மாதிரி. பக்கத்துல கைப்பம்பு. யாரு வேணா வரலாம், சீட்டை ஏத்தி இறக்கிக்கலாம், காத்து அடிச்சுக்கலாம். முதலாளி தலைய நிமிந்துகூட பாக்க மாட்டாரு. ஆனா பால்ரஸ் (சக்கரத்துக்குள்ள உருளற இரும்புக் குண்டு) மாத்தற சாமானும், சக்கரத்துக் கம்பிய இறுக்கற ஸ்போக் கீயும் அவர் உக்கார்ற பெட்டிக்குள்ள பூட்டி இருக்கும். அதை எங்களுக்கே தர மாட்டாரு. இந்தப் பாதிய உங்கப்பா சொல்லியிருக்க மாட்டாரு, ஏன்னா அது அவர் கண்ணுல பட்டிருக்காது.

அன்னிக்கு அந்த ஏற்பாடு ஓடுச்சுன்னா அதுக்கு மனசு மட்டும் காரணமில்ல. ரோட்டுல ஓடினது முக்கால்வாசி ஒரே மாதிரி வண்டி. நம்ம அம்பத்தூர் ஃபேக்டரியில செஞ்ச ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ, இல்லன்னா வடக்க இருந்து வந்த ஹீரோ, அட்லஸ். ரெண்டு ஸ்பேனர், ஒரு கட்டிங் பிளேயர், பெடல் தண்டைப் புடிச்சிருக்கற கோட்டர் பின்னைத் தட்ட ஒரு சுத்தியல் இருந்தா பாதி வண்டியப் பிரிச்சிடலாம். நட்டும் முரட்டு நட்டு, தப்பாத் திருப்பினாலும் தாங்கும். இன்னிக்கு உங்க வண்டியில ஆலன் கீயே (ஆறு மூலைக் கம்பிச் சாவி) 4, 5, 6, 8 எம்எம்னு வேணும். பின்சக்கரத்துல பல்சக்கர அடுக்கு, அதாவது கேசட் கழட்ட ஒரு டூல், அதைப் புடிக்க செயின் போட்ட கம்பி ஒண்ணு. பெடல் சுத்தற நடு அச்சு இருக்கே, பாட்டம் பிராக்கெட், அதுக்கு எத்தனை வகை இருக்கோ அத்தனை டூல். ஒவ்வொண்ணும் காசு. என் கடையில சுவத்துல ப்ளைவுட் அடிச்சு, ஒவ்வொரு டூலுக்கும் பெயின்ட்ல அவுட்லைன் போட்டு மாட்டி வெச்சிருக்கேன். ராத்திரி ஷட்டர் இறக்கும்போது எந்த இடம் காலியா இருக்குன்னு ஒரு தடவ பாப்பேன். ஒண்ணு காலின்னா மறுநாள் ஒரு வேலை நின்னுச்சுன்னு அர்த்தம்.

காணாப் போறதுகூட பெரிய விஷயமில்ல. எனக்கு நடந்ததைச் சொல்றேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை, கடை நிறைய கூட்டம். ஒரு பையன் உங்கள மாதிரியேதான் வந்து 15 ஸ்பேனர் கேட்டான். நான் ஒரு வீலுக்குக் கோட்டம் எடுத்துட்டு இருந்தேன், கையெடுக்க முடியல. "சுவத்துல இருக்கு, எடுத்துக்க"ன்னுட்டேன். அவன் எடுத்தது 15 நம்பர்தான், ஆனா கோன் ஸ்பேனர். அது சக்கரத்து ஆக்சில்ல இருக்கற கோன்ங்கற கூம்பு நட்டைப் புடிக்கறதுக்கு, தகடு மாதிரி மெல்லிசா இருக்கும். பெடல் கழட்ட அதைப் போடக் கூடாது. பெடல் ஸ்பேனர் வேற, அது தடியா, நீளமா இருக்கும். அதுவும் போதாதுன்னு அவன் இடது பெடலை வலது பெடல் மாதிரியே திருப்பியிருக்கான். வரலன்னதும் ஒரு பைப்பை சொருகி அழுத்தியிருக்கான்.

இங்க ஒரு நிமிஷம் நிறுத்திக்கறேன், ஏன்னா நிறைய பேருக்கு இது தெரியல. சைக்கிள்ல வலது பெடலுக்கு சாதா மறை (திருகுப் புரி, வலப்பக்கம் திருப்பினா இறுகும்), இடது பெடலுக்கு எதிர் மறை (இடப்பக்கம் திருப்பினா இறுகும்). மிதிக்க மிதிக்க பெடல் தானா கழண்டு வந்துடக் கூடாதுன்னு அப்படி வெச்சிருக்காங்க. மண்டையில வெச்சுக்க சுலபமா ஒரு வழி: ஸ்பேனரோட கைப்பிடி மேல் பக்கம் நிக்கற மாதிரி மாட்டுங்க. பின்சக்கரம் பக்கமா தள்ளினா கழலும், முன்சக்கரம் பக்கமா தள்ளினா இறுகும். ரெண்டு பக்கத்துக்கும் இதேதான். இடது, வலதுன்னு யோசிக்கவே வேணாம்.

அந்தப் பையன் அழுத்தினதுல கோன் ஸ்பேனரோட வாய் விரிஞ்சு போச்சு. பெடல்ல ஸ்பேனர் புடிக்கிற இடம் உருண்டையாயிடுச்சு. அப்புறம் எப்படியோ கழட்டி, புதுப் பெடலைக் கோணலா ஏத்தி, பெடலை மாட்டற கை, அதாவது கிராங்க்ல இருந்த மறையும் போச்சு. கிராங்க் அலுமினியம், பெடல் ஆக்சில் இரும்பு. எது தோக்கும்னு சொல்லத் தேவையில்ல. கடைசியில அவன் என்கிட்ட வந்து என்ன சொன்னான் தெரியுமா? "அண்ணா, உங்க ஸ்பேனர் சரியில்ல, என் வண்டி போச்சு." அவனைத் திட்ட எனக்கு வாய் வரல. சுவத்தைக் காட்டி எடுத்துக்கச் சொன்னது நான்தானே.

அதனால, கடைக்காரர் ஸ்பேனர் தரலன்னா கஞ்சத்தனம்னு மட்டும் நினைக்காதீங்க. ஸ்பேனர் கூடவே பொறுப்பும் கை மாறுது. யாரு பண்ணது, யாரு டூல், யாரு கடை வாசல்னு பஞ்சாயத்து வந்தா அவர்கிட்ட சொல்றதுக்கு ஒண்ணும் இருக்காது.

சட்டத்துல என்ன இருக்குன்னும் சில பேர் கேக்கறீங்க. நான் வக்கீல் இல்ல, ஆனா கடை நடத்தறவன் தெரிஞ்சு வெச்சுக்க வேண்டியது கொஞ்சம் இருக்கு. 2019ல வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜூலை 20ல இருந்து நடைமுறைக்கு வந்தது. அதுல, காசு வாங்காம சும்மா செஞ்சு தர்றது 'சேவை'ங்கற கணக்குல வராது. அப்படின்னா ஓசி ஸ்பேனர் தரலன்னு நீங்க எங்கயும் போய் கேஸ் போட முடியாது. ஆனா காசு குடுத்து வேலை செய்ய வெச்சீங்கன்னா கதையே வேற. பில் கேட்டா தர மறுக்கறது அந்தச் சட்டப்படி முறையற்ற வணிகம். பொருள் பழுதா இருந்தா திரும்ப வாங்கிக்கணும்; பில்லுல காலக்கெடு எதுவும் போடலன்னா 30 நாள். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது'ன்னு போர்டு மாட்டியிருக்காங்களே, பழுதான பொருளுக்கு அந்த போர்டு செல்லாது. ட்யூப், டயர் டப்பா மேல போட்டிருக்கற எம்ஆர்பிக்கு மேல ஒரு ரூபா வாங்கக் கூடாது. கூலி வேற, அதுக்கு எம்ஆர்பி கிடையாது. தகராறுன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணலாம்.

கடைக்காரங்க பக்கமும் ஒண்ணு இருக்கு. 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்துல 170ஆவது பிரிவுன்னு ஒண்ணு. வேலை செஞ்ச கூலியக் குடுக்கற வரைக்கும் வண்டிய நிறுத்தி வெச்சுக்கற உரிமை மெக்கானிக்குக்கு உண்டு. என் கடை மாடிப்படிக்குக் கீழ மூணு வண்டி அப்படி நிக்குது. ஒண்ணு 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்துல முழுகினது. உள்ள இருக்கற பேரிங் மொத்தமும் மாத்தி வெச்சிருக்கேன், ஆள் போனே எடுக்கறதில்ல. இந்த வீடியோவ அவர் பாத்தாருன்னா வந்து எடுத்துட்டுப் போகட்டும், பாதிக் காசு குடுத்தா போதும்.

சரி, எங்க ஆளுங்க பண்ற தப்புக்கு வர்றேன். ஆன்லைன்ல வாங்கின வண்டின்னு தெரிஞ்ச உடனே சில கடையில மூஞ்சி மாறும். "எங்க வாங்கினியோ அங்கயே போ"ன்னு சொல்லுவாங்க. எனக்கும் அந்த எரிச்சல் இருந்துச்சு, மறைக்க மாட்டேன். பெட்டியில வர்ற வண்டிய வீட்டுலயே அசெம்பிள் பண்ணிட்டு வர்றாங்க. முன்சக்கரத்தைப் புடிக்கற ஃபோர்க் பின்னாடி திரும்பி இருக்கும், பிரேக் உள்பக்கம் பாத்துட்டு இருக்கும். அதை ஓட்டிட்டே வேற வருவாங்க! முதல்ல சிரிப்பேன், அப்புறம் வயித்தக் கலக்கும். ஆனா யோசிச்சுப் பாருங்க, வண்டி வித்த லாபம் போயிடுச்சு, சர்வீஸ் காசு நம்ம கிட்டதானே வருது? அந்த ஆளைத் துரத்தினா அவன் டூல் கிட்டும் ஆன்லைன்லயே வாங்கிக்குவான்.

ரெண்டாவது, காசை முன்னாடியே சொல்றதில்ல. வண்டிய விட்டுட்டுப் போ, பாத்துக்கலாம்பாங்க. சாயந்திரம் போனா, செயின் மாத்தினேன், கேபிள் மாத்தினேன், 1,400 ரூபான்னு நிக்கும். பழைய செயின் எங்கன்னு கேட்டா தூக்கிப் போட்டாச்சுன்னுவாங்க. இதுதான் உண்மையிலயே கேக்க வேண்டிய கஸ்டமர் சர்வீஸ். வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி தொகை, எப்ப தருவாங்கங்கற நேரம், கழட்டின பழைய சாமான், பில். இந்த நாலையும் தயங்காம கேளுங்க. ஸ்பேனருக்குப் பட்ட கோவத்தை இதுக்குப் படுங்க.

மூணாவதுதான் உங்க விஷயம். ஓவராயிலிங்குக்கு, அதாவது மொத்த வண்டியப் பிரிச்சு சுத்தம் பண்ணி மாட்டறதுக்கு, வண்டிய விடச் சொல்றது நியாயம். பெடலைக் கழட்டி, மறையத் துடைச்சு, கிரீஸ் வெச்சு மாட்டறது அஞ்சு நிமிஷ வேலை. அதை வாசல்ல நிக்க வெச்சே முடிச்சுத் தரணும். என் கடையில அதுக்கு 50 ரூபா. 100 வாங்கினாலும் தப்பு சொல்ல மாட்டேன், வாடகை அப்படி. ஆனா சாயந்திரம் வான்னு சொல்ல அதுல ஒண்ணுமில்ல.

சலூன்ல போய் கத்திரியக் குடு, நானே வெட்டிக்கறேன்னு கேப்பியான்னு எங்க சங்கத்துல ஒருத்தர் அடிக்கடி சொல்லுவாரு. எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. சைக்கிள் கடை சலூன் மாதிரி இல்ல. காத்துப் பம்பை ரோட்டுல வெச்சுட்டு, போறவன் வர்றவனெல்லாம் எடுத்து அடிச்சிட்டுப் போன கடை அது. அந்தப் பழக்கத்தை மொத்தமா விட்டுட முடியாது. அதனால வியாசர்பாடி முதலாளி பண்ணதையே நானும் பண்ணியிருக்கேன். வாசல்ல ஒரு கம்பி, அதுல சங்கிலி போட்டு ஒரு பெடல் ஸ்பேனர், ஒரு ஆலன் கீ செட், அடிப் பம்பு ஒண்ணு. சங்கிலியில இருக்கறது ஊருக்கு, சுவத்துல இருக்கறது கடைக்கு. கேக்கறவங்களுக்கும் சங்கடமில்ல, எனக்கும் இல்லன்னு சொல்ற சங்கடமில்ல. வண்டி முன்னாடியே நிக்கறதால, தப்பாத் திருப்பினா நானே உள்ள இருந்து சத்தம் போட்டுடுவேன்.

பம்பு பத்தி சொன்னதால இதையும் சொல்லிடறேன். பெட்ரோல் பங்க்ல காத்து இலவசம்தான். பைக் வால்வு மாதிரி தடியான வால்வு இருந்தா அங்க சைக்கிளுக்கும் அடிக்கலாம். ஆனா சைக்கிள் ட்யூப்ல இடம் கம்மி, மூணு எண்றதுக்குள்ள வெடிக்கும். டயர் ஓரத்துல எவ்வளவு வரைக்கும் அடிக்கலாம்னு எழுதியிருக்கும், அதைப் பாத்துக்குங்க. காலையில ஈசிஆர், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலை பக்கம் ஓட்டப் போறவங்க கையில ஒரு மினி பம்பும், ரெண்டு டயர் லீவரும், ஒரு ட்யூபும் வெச்சுக்குங்க. அஞ்சரை மணிக்கு முட்டுக்காட்டுல எந்தக் கடையும் திறந்திருக்காது, இரவல் கேக்கக் கூட ஆள் கிடைக்காது.

இப்ப உங்க சத்தத்துக்கு வர்றேன். மூணு மாசத்துல டக் டக்னு வருதுன்னா பெட்டியில இருந்து எடுத்து மாட்டினப்போ மறையில கிரீஸ் வெச்சிருக்க மாட்டாங்க. சென்னை உப்புக் காத்துக்கு அது சீக்கிரம் துரு புடிக்கும். சும்மா டைட் பண்ணினா போகாது, கழட்டித் துடைச்சு கிரீஸ் வெச்சு மாட்டணும். கையாலயே நாலஞ்சு சுத்து சுலபமாப் போகணும். போகலன்னா மறை ஏறல, உடனே நிறுத்திடுங்க. சொந்தமா ஒரு பெடல் ஸ்பேனர் வாங்கிக்கலாம், ரொம்ப வருஷம் வரும். கிரீஸ் டப்பா மட்டும் வாங்காதீங்க. அதே தெருமுனை கடைக்குப் போய் ஒரு விரல் அளவு கேளுங்க. ஸ்பேனர் தராதவரு அதை சும்மாவே தருவாரு. மடிச்ச பேப்பர் ஒண்ணு கையோட எடுத்துட்டுப் போங்க.