பதினேழாம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட்

நேயர்களுக்கு வணக்கம். கடலூரில் மேல்நிலை வகுப்புகளுக்குத் தமிழ் நடத்துகிறேன். படிக்கப் பிடிக்காத பிள்ளைகளுக்கு எந்தப் புத்தகத்தைக் கொடுக்கலாம் என்று பேச அழைத்திருக்கிறார்கள். இதைக் கேட்டதும் எனக்கு ஒரு பஸ் டிக்கெட்தான் ஞாபகம் வந்தது.

சில வருடங்களுக்கு முன்னால் பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவனிடம் ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகத்தைக் கொடுத்தேன். என் சொந்தப் பிரதி. மூன்று வாரம் கழித்து, “நல்லா இருந்துச்சும்மா” என்று சொல்லித் திருப்பித் தந்தான். வீட்டுக்குப் போய்ப் பிரித்தால் பதினேழாம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட். அதற்கு அப்புறம் ஒரு பக்கத்தில்கூட விரல் பட்ட மடிப்பு இல்லை.

முதலில் அவன் மேல் கோபம்தான் வந்தது. யோசித்துப் பார்த்தபோது தப்பு என்னுடையது என்று தெரிந்தது. அந்த நாவல் 1950இலிருந்து 1954 வரை ‘கல்கி’ இதழில் வாராவாரம் வந்த தொடர்கதை. அன்றைக்கு அதைப் படித்தவர்கள் யாரும் ஐந்து பாகத்தை மொத்தமாகக் கையில் வாங்கவில்லை. கொஞ்சம் படித்தார்கள், ஒரு வாரம் காத்திருந்தார்கள், திண்ணையில் உட்கார்ந்து சண்டை போட்டார்கள். நான் அதை அரிசி மூட்டை மாதிரி ஒரு பையன் தலையில் ஏற்றிவிட்டு, பத்திரமாகக் கொண்டுவா என்று அனுப்பியிருக்கிறேன்.

மறு வருடம் யாருக்கும் புத்தகத்தைக் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் நானே வாசித்தேன். ஆடிப்பெருக்கு அன்று வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருகிறான். “இந்த ஏரி எங்கே இருக்கு, சொல்லுங்க” என்றேன். ஒருவருக்கும் தெரியவில்லை. “நம்ம வீராணம்தான்” என்றதும், காட்டுமன்னார்கோவில் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பெண் ஒருத்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள். “அம்மா, அது எங்க ஏரி!” அந்த ஏரிக்கு எழுபத்து நான்கு கணவாய்கள், அதாவது மதகுகள், என்று கதையில் வரும். சனி, ஞாயிறு ஊருக்குப் போனவள் தாத்தாவிடம் மதகுக் கணக்கு கேட்டுக்கொண்டு வந்து, திங்கட்கிழமை என்னிடம் வாதாடினாள். அதுவரை வகுப்பில் அவள் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

அதே புத்தகம்தான். முன்பு அது பரிசுப் பொருளாக இருந்தது. இப்போது ஊர்க் கதையாகிவிட்டது.

கடலூர்க்காரர்களான நமக்கு இதில் பஞ்சமே இல்லை. புதுமைப்பித்தன் பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில், 1906இல். ஜெயகாந்தன் பிறந்தது மஞ்சக்குப்பத்தில், 1934இல். நம் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு பெயரும் ஒரு மதிப்பெண் வினாவாகத்தான் தெரியும். பிறந்த ஊரைக் கேட்டால் டக்கென்று சொல்வார்கள், ஒரு கதையைச் சொல்லச் சொன்னால் முழிப்பார்கள். ஜெயகாந்தனின் ‘யுகசந்தி’யில் ஒரு பாட்டி நெய்வேலியிலிருந்து பஸ் ஏறி நம் ஊரில் வந்து இறங்குகிறாள். அந்தப் பஸ்ஸில் தினமும் வருகிற பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள்.

புதுமைப்பித்தனை ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையிலிருந்து தொடங்குவேன். சென்னைத் தெருவில் கடவுள் வந்து வழி கேட்கிறார். கந்தசாமிப் பிள்ளை அவரைக் காபி குடிக்க ஓட்டலுக்குக் கூட்டிப்போகிறார். அந்தக் காபியிலும் சிக்கரி. இந்த இடத்தில் கடைசி பெஞ்சு சிரிக்காமல் இருந்து நான் பார்த்ததில்லை. சிரித்த கையோடு, “இக்கதையின் மையக்கருத்து யாது?” என்று கரும்பலகையில் எழுதினால் எல்லாம் போச்சு. மறுநாளே நோட்ஸ் தேடிப் போய்விடுவார்கள். கேள்வி கேட்க நமக்குத்தான் பாடநூல் இருக்கிறதே. இந்த ஒரு மணி நேரமாவது சும்மா இருப்போம்.

எனக்குப் பிடித்த இன்னொரு சம்பவம். தேவனாம்பட்டினத்து மாணவன் ஒருவன். விடியற்காலையில் அப்பாவோடு கடலுக்குப் போய்விட்டு வந்து முதல் பீரியடில் தூங்குவான். எழுப்ப எனக்கு மனசு வராது. அவனுக்கு வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ கொடுத்தேன். சின்ன நாவல், தென்கோடிக் கடற்கரைக் கதை. நாலு நாளில் வந்து நின்றான். நன்றாக இருந்தது என்று சொல்ல வரவில்லை, குறை சொல்ல வந்திருந்தான். அங்கே பேசுகிற பேச்சு வேறு, தொழில் வேறு என்று ஒரு பட்டியலே போட்டான். அப்புறம், “ஆனா அந்த லாஞ்சிக்கும் வல்லத்துக்கும் நடக்கிற சண்டை இருக்கே, அது நம்ம சுருக்குமடி வலை சண்டை மாதிரியேதாம்மா” என்றான். லாஞ்சி என்றால் விசைப்படகு, வல்லம் என்றால் நாட்டுப்படகு; சுருக்குமடி, மீன் கூட்டத்தையே வளைத்து அள்ளும் பெரிய வலை. பத்துப் பன்னிரண்டு நிமிடம் பேசியிருப்பான். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். கடலைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? எனக்கு அவனும் அவனுக்கு அந்த எழுத்தாளரும் ஆளுக்குக் கொஞ்சம் சொல்லிக்கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

அதனால் எது நல்ல நாவல் என்று பார்ப்பதற்கு முன்னால், இந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று பார்க்கிறேன். தனக்குத் தெரிந்த விஷயத்தை ஒருவர் எழுதியிருக்கிறார் என்றால், தப்புக் கண்டுபிடிக்கவாவது படிப்பான். அப்புறம், நூறு நூற்றைம்பது பக்கத்துக்கு மேல் முதல் தடவை வேண்டாம். ஒரு புத்தகத்தை முடித்தேன் என்ற பெருமை அவர்களில் பல பேருக்கு வாழ்க்கையிலேயே கிடைத்ததில்லை.

படக்கதையும் புத்தகம்தான். இரும்புக்கை மாயாவியோடு முத்து காமிக்ஸ் வந்தது 1972இல். அதைப் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்துப் படித்த அப்பாக்கள் இன்றைக்குப் பெற்றோர் கூட்டத்தில் என்னிடம், “பையன் காமிக்ஸ் படிக்கிறான் டீச்சர், கண்டிச்சு வையுங்க” என்கிறார்கள். நான் சிரித்துக்கொண்டு தலையாட்டிவிடுவேன். கண்டிப்பதில்லை.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் புதுவை ஆசிரியர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் அங்கே துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை வைத்துப் பிரபஞ்சன் எழுதிய நாவல்களில் வரும் தெருக்களில்தான் உங்கள் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். மழைக்குத்தான் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினேன் என்று சொல்லிக்கொண்ட கி. ராஜநாராயணனைப் பேராசிரியராக அழைத்து வைத்துக்கொண்டது உங்கள் பல்கலைக்கழகம். இதைச் சொன்னாலே பாதி வகுப்பு அவர் பக்கம் சேர்ந்துவிடும்.

எனக்கு இப்போது வேறொரு தலைவலி. வெள்ளிக்கிழமை மணி அடித்ததும், ஆள் மாட்டிக்கொள்ளப்போகிற இடமாகப் பார்த்து வாசிப்பை நிறுத்திவிடுவேன். போன மாதம் ஒருவன் மாவட்ட மைய நூலகத்துக்கே போய் மீதியைப் படித்துவிட்டு வந்து, திங்கட்கிழமை காலை வழிபாட்டு வரிசையில் நின்றபடியே முடிவைச் சொல்லிவிட்டான். மற்ற பிள்ளைகள் அவனை அடிக்காத குறை. “அம்மா, இனிமே இவனை வெள்ளிக்கிழமை வெளியே நிறுத்துங்க” என்று என்னிடம் மனுவே கொடுத்திருக்கிறார்கள், பதினொரு கையெழுத்தோடு. ‘நிறுத்துங்கள்’ என்பதில் ஓர் எழுத்துப்பிழை இருந்தது. நான் திருத்தவில்லை.

நன்றி, வணக்கம்.