சோலை ஓரத்துக் கோரை

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பல அலுவல்களுக்கிடையே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, வனச்சரக அலுவலர் அவர்களே, இந்த மழையிலும் மாணவர்களை அழைத்து வந்திருக்கும் தலைமையாசிரியை அவர்களே, கொடைக்கானல் பெரியோர்களே, அனைவருக்கும் என் வணக்கம். எனக்குப் போர்த்திய சால்வையை, காலையில் எனக்கு வழிகாட்டி வந்த வனக்காவலருக்கே அணிவிக்கும்படி தலைவரை வேண்டிக்கொள்கிறேன்.

மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன்: காட்டுக் கோரையை அடையாளம் காண்பது, அது வாழும் இடம், நம் முன்னோர் கோரையைப் போற்றிய விதம். ‘சிறு துரும்பும் பல் குத்த உதவும்.’ முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நான் ஓயாமல் சொன்ன பழமொழி இது.

கோரை என்றால் நமக்குப் பத்தமடைப் பாய் நினைவுக்கு வரும். உழவருக்கு வயலின் களை நினைவுக்கு வரும். சோலை எனும் மலைக்காட்டின் ஓரத்தில் வாழும் கோரையை எனக்குக் காட்டியவர் ஒரு முதியவர். பாம்பார் சோலைப் பக்கம் மாணவர்களோடு போயிருந்தேன். மூடுபனி. ஓடைக்கரையில் ஒரு மாணவி, “ஐயா, புல்லில் பழம் பழுத்திருக்கிறது!” என்று கூவினாள். இடுப்பளவு தூர், கைவிரல் அகலத்தில் இலைகள், உச்சியில் பவளம் கோத்தாற்போலக் கொத்துக் கொத்தாகச் சிவப்பு மணிகள். தாவரவியல் ஆசிரியனான நானே திகைத்து நின்றேன். உடன் வந்த முதியவர் ஒரு தண்டை ஒடித்து என் கையில் கொடுத்தார். “கண்ணால் பார்க்காதீர்கள் ஐயா, விரலால் உருட்டிப் பாருங்கள்” என்றார். உருட்டினேன், உருளவில்லை. முப்பட்டை! கணு இல்லை. பிளந்தால், புல்லின் தண்டைப் போல உள்ளே கூடாக இல்லை, பஞ்சு போன்ற வெண்சோறு நிறைந்திருந்தது. ஒரு சிவப்பு மணியை நகத்தால் கீறினாள் அந்த மாணவி. அது பழமே அன்று, ஒரு பை. உள்ளே கடுகளவில் மூன்று முனையுள்ள கொட்டை. அந்தப் பைதான் கேரெக்ஸ் என்ற கோரைப் பேரினத்தின் முத்திரை. உலகில் ஏறத்தாழ 2,000 கேரெக்ஸ் வகைகள் உண்டு. எல்லாவற்றிலும் அந்தப் பை இருக்கும். நம்முடையது கேரெக்ஸ் பாக்கன்ஸ். தாவரவியலாளர் ராபர்ட் வைட் 1834இல் வெளியிட்ட நூலில் நீஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் வைத்த பெயர். லத்தீனில் பாக்கா என்றால் கனி.

அது வாழும் இடத்தைப் பற்றித்தான் உங்களிடம் மன்றாட வந்தேன். வெயில் பாதி, நிழல் பாதி, காலடியில் ஈரம்: சோலையும் வெளியும் சந்திக்கும் அந்த நான்கு முழ விளிம்புதான் அதன் வீடு. அந்த விளிம்பைத்தான் நாம் ‘சுத்தம்’ என்ற பெயரில் அரிவாளால் செதுக்குகிறோம். சென்ற ஆண்டு நான் குறித்து வைத்திருந்த பதினோரு தூர்களும் ஒரே காலையில் போயின. மணிகள் அப்போதுதான் சிவக்கத் தொடங்கியிருந்தன. அந்தத் தூர்கள் பிடித்திருந்த மண் அடுத்த மழையில் ஓடைக்குள் சரிந்து கிடந்ததைப் பார்த்தேன். ‘சிறு துரும்பும் பல் குத்த உதவும்’ என்றேன். இந்தத் துரும்பு கரையையே தாங்குகிறது ஐயா! சோலையை ஆக்கிரமிக்கும் அயல்நாட்டுச் சீகை மரக்கன்றைப் பிடுங்குங்கள், உன்னிச்செடியை வெட்டுங்கள், நானும் உடன் வருகிறேன். கோரையை மட்டும் விதை உதிரும்வரை விட்டுவையுங்கள். நகர்மன்றத் தலைவர் அவர்களே, வனச்சரக அலுவலர் அவர்களே, துப்புரவுப் பணியாளருக்கு இந்தச் செடியைக் காட்ட ஒரு காலைப்பொழுது கொடுங்கள். சம்பளம் வேண்டாம், நான் வந்து காட்டுகிறேன்.

முன்னோரைப் பற்றிப் பேச நேரமில்லை என்று தலைவர் மணியடிக்கிறார். மாணவர்களே, ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பேருந்து நிலையத்தில் நிற்பேன். ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு வாருங்கள். அரிவாள் வேண்டாம்.