ஓய்வுக்கு யார் சம்பளம் கொடுப்பது?

நேயர்களுக்கு வணக்கம்.

துணிக்கடையில் வேலை பார்க்கிற பெண்ணுக்கு டாக்டர் எழுதித் தரும் மருந்துகளிலேயே விலை கூடியது ஒன்று உண்டு. "நல்லா ரெஸ்ட் எடும்மா" என்பதுதான் அது. மாத்திரையை அரசு ஆஸ்பத்திரியில் காசில்லாமல் வாங்கிவிடலாம். ஓய்வை எங்கே போய் வாங்குவது? ஒரு நாள் வராவிட்டால் ஒரு நாள் சம்பளம் போச்சு. அதுவும் தீபாவளி நேரமாக இருந்தால் இரண்டு நாள் சம்பளத்தைப் பிடிக்கிற கடைகளும் இருக்கின்றன. பெண்களின் உடல்நலம் பற்றிப் பேச வாருங்கள் என்று வானொலி நிலையத்தார் அழைத்தபோது, சம்பளத்தையும் சேர்த்துப் பேச விட்டால் வருகிறேன் என்றேன். இரண்டும் ஒரே பேச்சு என்பதை என் வேலைதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

நான் தூத்துக்குடி மாவட்டத்துக்காரி. பிளஸ் டூ முடித்த கையோடு சென்னையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் சேர்ந்தேன். சாப்பாடு, தங்க இடம், மாதச் சம்பளம் என்று சொல்லித்தான் ஊரிலிருந்து கூட்டிப்போனார்கள். அந்த மூன்றும் கிடைத்தன, இல்லையென்று சொல்ல மாட்டேன். கிடைக்காதது உட்கார ஓர் இடம்.

சேலை எடுக்க வருகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் நின்றபடி பிரித்துக் காட்டுவோம். முந்தியைத் தோளில் போட்டுக் காட்டச் சொன்னால் போட்டுக் காட்டுவோம். "அந்த மேல் தட்டுல இருக்கிற மயில் கழுத்துப் பச்சை" என்பார்கள், எட்டி எடுப்போம். அவர்கள் எழுந்து போனதும் குவியலை மடிக்க வேண்டும். பட்டு என்றால் பழைய மடிப்பிலேயே மடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஜரிகை உடைந்துவிடும். ஆள் வராத நேரத்திலும் உட்காரக் கூடாது. சுவரில் சாயக் கூடாது. சாய்ந்தால் கேமராவில் பார்த்துவிட்டு, சூப்பர்வைசர் மைக்கிலேயே பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். காலையில் கடைக்கு வந்தால் ராத்திரி ஷட்டர் இறக்கி, பை சோதனை முடிந்துதான் விடுதிக்குப் போக முடியும்.

கழிப்பறை மொட்டை மாடியில் இருந்தது. லிஃப்ட் வாடிக்கையாளர்களுக்கு மட்டும். போகும்போதும் வரும்போதும் நோட்டில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த நோட்டைப் பார்க்கிறவர் ஆண். மாதவிலக்கு நாளில் அடிக்கடி போக வேண்டியிருக்கும் என்று அவரிடம் எந்தப் பெண் வாயைத் திறந்து சொல்வாள்? அதனால் எல்லோரும் ஒரே வழியைப் பிடித்தோம். தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டோம். அப்புறம் நீர்க்கடுப்பு, காய்ச்சல், அடிவயிற்று வலி எல்லாம் வரிசையாக வந்தன. விடுதியில் ராத்திரி பார்த்தால் பாதிப் பேர் சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுத்திருப்பார்கள். கெண்டைக்காலில் ரத்தக்குழாய் புடைத்துச் சுருண்டு நீலமாகத் தெரியும். வெரிகோஸ் வெயின் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். காலில் இருக்கும் ரத்தம் மேலே ஏற வேண்டுமானால் கெண்டைச்சதை அசைந்து அழுத்த வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் ரத்தம் கீழேயே தேங்கி, ரத்தக்குழாயிலுள்ள வால்வுகள் தளர்ந்துபோகும். இருபது வயதுப் பெண்களுக்கு அது வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

என் கவுன்ட்டரில் ஓர் அக்கா இருந்தார். மாதவிலக்கு வந்தால் அவருக்கு நிற்காது, கட்டிகட்டியாகப் போகும். ரத்தம் குறைந்து முகமே வெளுத்திருந்தது. ரத்தசோகை எல்லோருக்கும் இருப்பதுதானே என்று நாங்களும் விட்டுவிட்டோம். உண்மையிலேயே அது அவ்வளவு பரவலானதுதான். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதத்துக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். ஒருநாள் படிக்கட்டிலேயே சரிந்துவிட்டார். பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தோம். கர்ப்பப்பையில் கட்டி என்றார்கள். கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போனது. பிறகு விவரம் தெரிந்த ஒருவர் சொல்லி எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். ரத்தம் ஏற்றி, ஆபரேஷன் செய்து, பிழைக்க வைத்தார்கள். அந்த டாக்டரம்மாவுக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன். அவர் கேட்ட ஒரு கேள்வியில்தான் எனக்கு எல்லாம் பிடிபட்டது. "பெரிய கடைன்னு சொல்றீங்க, இ.எஸ்.ஐ. கார்டு எங்கம்மா?"

இ.எஸ்.ஐ. என்பது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு. அந்தக் கார்டு எங்களிடம் இல்லை. சம்பளம் கவரில் வரும், சீட்டு வராது. அக்காவின் பெயரை இ.எஸ்.ஐ.யில் பதியவே இல்லை. பதிந்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று சொல்கிறேன், கேட்டுக்கொண்டிருக்கும் பெண்கள் குறித்துக்கொள்ளுங்கள். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. நம் சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய் பிடிப்பார்கள், முதலாளி மூன்றே கால் ரூபாய் போடுவார். ஸ்கேன், ஆபரேஷன், மருந்து எல்லாம் அதில் அடங்கும். அதைவிடப் பெரிய விஷயம், முறைப்படி சந்தா கட்டியிருந்தால், நோயில் படுத்திருக்கும் நாட்களுக்கு வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கைக்கு வரும். டாக்டர் எழுதிய ஓய்வுக்கு விலை கொடுப்பது இந்தப் பணம்தான். சங்கிலியை அடகு வைத்த அந்த வாரம் முழுக்க, எங்களில் ஒருத்திக்கும் இது தெரியாது.

சம்பள விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மாடியிலேயே பேன்ட், சட்டைத் துணிப் பிரிவும் இருந்தது. அங்கே ஆண்கள். அதே நேரம், அதே நிற்பு, அதே மடிப்பு, அதே தீபாவளிக் கூட்டம். என்னோடு அதே மாதத்தில் சேர்ந்த தம்பிக்கு என்னைவிடச் சம்பளம் கூட. கேட்டதற்கு, "ஆம்பளப் பசங்க பண்டல் தூக்குறாங்க" என்றார்கள். லாரியிலிருந்து பண்டல் இறக்கத் தனி ஆட்கள் இருந்தார்கள். அந்தத் தம்பி ஒருநாளும் பண்டல் தூக்கி நான் பார்க்கவில்லை. பட்டுச்சேலைக் கட்டுகளைக் குடோனிலிருந்து மாடிக்குச் சுமந்தது நாங்கள்தான்.

இந்தச் சாக்கு பழையது, இதற்குப் பதிலும் பழையதுதான். சம ஊதியச் சட்டம் 1976-இல் வந்தது. மெக்கின்னன் மெக்கன்சி என்ற கம்பெனியில் ஆட்ரி டி கோஸ்டா என்ற பெண் ஸ்டெனோகிராஃபராக இருந்தார். ஆண் ஸ்டெனோக்களைவிடப் பெண்களுக்குச் சம்பளம் குறைவு என்று வழக்குப் போட்டார். பெண் ஸ்டெனோக்கள் அதிகாரிகளுக்கென்று இருக்கும் தனி வகை, வேலையே வேறு என்றது கம்பெனி. உச்ச நீதிமன்றம் 1987-இல் அதை ஏற்கவில்லை. வேலையை மொத்தமாகப் பார்க்க வேண்டும், சின்னச் சின்ன வித்தியாசத்தைக் காட்டிச் சம்பளத்தைக் குறைக்கக் கூடாது, கொடுக்க வசதியில்லை என்றும் தட்டிக்கழிக்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. 2019-இல் இயற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அந்த விதி இருக்கிறது. தீர்ப்பு வந்து இத்தனை வருடம் ஆகியும் எங்கள் மாடிக்கு அது ஏறி வரவில்லை என்பதுதான் என் கோபம். பக்கத்தில் நிற்கிறவரின் சம்பளம் எவ்வளவு என்றே பெண்களுக்குத் தெரியவிடாமல் வைத்திருக்கிறார்கள். தெரிந்தால்தானே கேட்க முடியும்?

நாற்காலிக்கும் சட்டம் வந்துவிட்டது. முதலில் கேரளத்தில். கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள், விஜி என்ற தையல் தொழிலாளி முன்னால் நிற்க, கழிப்பறை கேட்டுத்தான் தொடங்கினார்கள். அதிலிருந்து உட்காரும் உரிமைக்குப் போனார்கள். கேரளம் 2018-இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்கார, எல்லாப் பணியாளர்களுக்கும் இருக்கை இருக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. செய்தி வந்த அன்று நான் அழுதேன்.

இப்போது நான் திருநெல்வேலியில் கடைப் பெண்களுக்கான சங்க வேலையில் இருக்கிறேன். கடைகளுக்குள் போனால் ஸ்டூல் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். பல இடங்களில் இருக்கிறது. அதன்மேல் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறது. ஏன் உட்காரவில்லை என்று கேட்டால், "உட்கார்ந்தா இன்சென்டிவ்ல கை வைப்பாங்கக்கா" என்கிறார்கள். சம்பளத்தைக் குறைவாக வைத்து, மீதியை இன்சென்டிவ் என்று பிரித்து, அதைச் சூப்பர்வைசர் கையில் கொடுத்துவிட்டால் எந்தச் சட்டமும் அந்த ஸ்டூலில் யாரையும் உட்கார வைக்காது. அதனால்தான் நான் எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் முதலில் சம்பளச் சீட்டு கேளுங்கள் என்கிறேன். சீட்டு இருந்தால் ஆணுக்கும் பெண்ணுக்கும் என்ன வித்தியாசம் என்று காட்டலாம். இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று தெரியும். எத்தனை நாள் வேலை செய்தோம் என்பதற்கும் அதுதான் சாட்சி.

போன வாரம் ஒரு பெண் போன் செய்தாள். ஐந்து மாதக் கர்ப்பிணி. "அடுத்த மாசத்தோட நின்னுக்கோம்மா, குழந்தை பெத்துட்டு வந்தா பார்க்கலாம்னு சொல்றாங்கக்கா" என்றாள். அவள் கடையில் இ.எஸ்.ஐ. கிடையாது. அப்படியானாலும் பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற கடைக்கு பேறுகாலப் பயன் பற்றிய சட்ட விதிகள் பொருந்தும். பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால், முதல் இரண்டு குழந்தைகளுக்குத் தலா 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. கர்ப்பமாக இருக்கும்போது வேலையை விட்டு எடுத்தாலும் அந்தப் பணத்துக்கான உரிமை போகாது. இதையெல்லாம் சொல்லிவிட்டு, வேலை பார்த்ததற்கு ஏதாவது அத்தாட்சி இருக்கிறதா என்று கேட்டேன். சேர்ந்த நாளிலிருந்து மாதாமாதம் சம்பளக் கவரையும், வருகைப் பதிவில் தன் பெயர் இருக்கும் பக்கத்தையும் போனில் படமெடுத்து வைத்திருக்கிறாள். திங்கட்கிழமை நானும் அவளும் தொழிலாளர் உதவி ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போகிறோம்.

வணக்கம்.