'ஆகவே' என்று எழுதிவிட்டுத் திணறும் இடம்

நடுவர் அவர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

"செயற்கை நுண்ணறிவுக் காலத்தில் கல்லூரியில் எழுதக் கற்றுக்கொடுப்பது தேவையா, வீணா?" இதுதான் தலைப்பு. வீண் என்று பேசிய எதிரணித் தலைவர் கால்குலேட்டரைத் துணைக்கு அழைத்தார். கால்குலேட்டர் வந்தபோது கணக்குப் பாடம் செத்துப்போகவில்லை, அதுபோல எழுதும் வேலையை இயந்திரம் பார்க்கட்டும், யோசிக்கும் வேலையை மாணவர் பார்க்கட்டும் என்றார்.

17ஐ 23ஆல் பெருக்கினால் 391. நான் பெருக்கினாலும் 391, நீங்கள் பெருக்கினாலும் 391. கட்டுரைக்கு அப்படி ஒரு விடை எங்கே இருக்கிறது? முதலில் யோசித்து முடித்துவிட்டு, பிறகு அதைத் தாளில் இறக்கிவைப்பதுதான் எழுத்து என்று நண்பர் நினைக்கிறார். அப்படி எழுதிய அனுபவம் இந்த அவையில் யாருக்காவது உண்டா? எல்லாம் தெரியும் என்றுதான் உட்காருகிறோம். இரண்டாவது பத்தியில் பேனா நின்றுவிடுகிறது. 'ஆகவே' என்று எழுதிவிட்டோம். எதனால் ஆகவே? பதில் இல்லை. மறுபடி புத்தகத்தைத் திறக்கிறோம், சொன்னதையே அடிக்கிறோம், நேற்று உறுதியாக நம்பியது இன்று ஆட்டம் காண்கிறது. நடுவர் அவர்களே, நான் பாடம் நடத்துவதே அந்தத் திணறலுக்காகத்தான். எழுதுவதே கற்கும் வழி என்று ஜேனட் எமிக் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1977இல் எடுத்துச் சொன்னார். 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளிவருவதற்கு 45 ஆண்டுகளுக்கு முன்பு!

ஒவ்வோர் ஆண்டும் கட்டுக்கட்டாக மாணவர் கட்டுரைகளைத் திருத்துகிறேன். அந்தக் கட்டுரைகள் உலகத்துக்குத் தேவையே இல்லை. நான் படித்தபின் வேறு யாரும் அவற்றைப் படிக்கப்போவதில்லை. அவற்றை எழுதும்போது எழுதியவருக்குள் என்ன நடந்ததோ அது மட்டும்தான் மிச்சம். அதை நடக்கவிடாமல் செய்துவிட்டு, எட்டுப் பத்திகளை அச்சடித்து என் மேசையில் வைத்தால் நான் எதற்கு மதிப்பெண் போடுவது?

"மாணவர் எழுத வேண்டாம், இயந்திரம் எழுதியதைச் சரிபார்த்தால் போதும்" என்றார் அடுத்துப் பேசிய சகோதரி. 2023இல் நியூயார்க் நீதிமன்றத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். சாட்ஜிபிடி கொடுத்த தீர்ப்புகளை மேற்கோள் காட்டி ஒரு மனு தாக்கலானது. அந்தத் தீர்ப்புகள் எந்த நீதிமன்றமும் வழங்காதவை. வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம். அந்தத் தீர்ப்புகளைத் தேடி எடுத்தவர் 30 ஆண்டு தொழில் பார்த்த வழக்கறிஞர்! சரளமான நடைக்கு முன்னால் அவருடைய கண்ணே அயர்ந்துபோனது என்றால், ஒரு வாதத்தைக் கூடத் தன் கையால் கட்டிப் பார்க்காத பதினெட்டு வயதுப் பிள்ளை எதை வைத்துச் சரிபார்க்கும்?

சரி, யார் எழுதியது என்று கண்டுபிடிக்கவே முடியாதே என்றார்கள். ஒப்புக்கொள்கிறேன். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கண்டறியும் கருவியை வெளியிட்டது. நிறுவனத்தின் சொந்தச் சோதனையிலேயே அது இயந்திர எழுத்தில் 26 விழுக்காட்டைத்தான் பிடித்தது, மனிதர் எழுதியதில் 9 விழுக்காட்டுக்கு இயந்திரம் என்று முத்திரை குத்தியது. அந்த ஜூலையிலேயே விலக்கிக்கொண்டார்கள். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளிடம் கொடுத்தார்கள். சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவை இயந்திரம் எழுதியவை என்று தீர்ப்பு வந்தது. எளிய சொற்களில் எழுதியதுதான் அந்தப் பிள்ளைகள் செய்த குற்றம்.

இந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன். கருவி சிவப்புக் காட்டியது என்று ஒரு மாணவனை அழைத்து, "இது நீ எழுதியதா?" என்று கேட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் நான்கு தாள்களைக் கொண்டுவந்து வைத்தான். அடித்தல், அம்புக்குறி, ஓரத்தில் கேள்விக்குறி. இரண்டாம் தாளில் 'ஆகவே' என்று எழுதி, அதை அடித்து, மேலே 'ஆனாலும்' என்று எழுதியிருந்தான். அந்த இடத்திலிருந்து கட்டுரை முழுவதும் திசை மாறியிருந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவன் தலையாட்டிவிட்டுப் போனான். ஆனால் அதன்பிறகு வகுப்பில் அவன் என்னை நிமிர்ந்து பார்க்கப் பல வாரம் ஆனது.

அன்றோடு அந்தக் கருவியை விட்டேன். இப்போது முதல் வரைவு வகுப்பிலேயே, கையால். அடுத்த வாரம் ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துக் கேள்வி கேட்க வேண்டும். இரண்டாம் வரைவுக்குப் பிறகு இயந்திரத்திடம் கருத்துக் கேட்கலாம். தடையில்லை. அது சொன்னதில் எதை ஏற்றாய், எதைத் தள்ளினாய், ஏன் என்று ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். கடைசியில் என்னோடு ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேச வேண்டும். இலக்கணம் தடுமாறும் பிள்ளைக்கு இயந்திரம் கைகொடுக்கும் என்ற எதிரணி வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கைகொடுப்பது வேறு, தூக்கிச் சுமப்பது வேறு.

இதற்கெல்லாம் நேரம் ஆகிறது, நடுவர் அவர்களே. பருவத்துக்கு ஆறு கட்டுரை வாங்கிய நான் இப்போது மூன்றுதான் வாங்குகிறேன். அறுபது பேரோடு ஐந்தைந்து நிமிடம் என்றால் ஐந்து மணி நேரம். அந்த நேரம் எந்தக் கால அட்டவணையிலும் இல்லை. எழுத்து வகுப்பை எடுத்துவிடலாம் என்று எதிரணி கேட்கிறது. அதற்கு இன்னும் மணிநேரம் கொடுங்கள், ஒரு வகுப்புக்கு முப்பது பேருக்கு மேல் வேண்டாம் என்று எங்கள் அணி கேட்கிறது. தீர்ப்பை எங்கள் பக்கமாக வழங்குங்கள் என்று கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.