தட்டில் 'காமினி', பாடியது யார்?

வணக்கம் நேயர்களே.

1949-இல் பம்பாயில் 'மஹல்' என்ற படம் வெளியானது. அதில் மதுபாலா தோன்றும் 'ஆயேகா ஆனேவாலா' பாட்டு நாடு முழுவதும் பரவியது. கடைக்கு வந்த இசைத்தட்டின் லேபிளில், பாடகியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'காமினி' என்று அச்சாகியிருந்தது. காமினி என்பது மதுபாலா ஏற்ற பாத்திரத்தின் பெயர். பாடியது யார் என்று கேட்டு வானொலிக்குக் கடிதங்கள் குவிந்தன. இசைத்தட்டு நிறுவனத்திடம் விசாரித்த பிறகே, பாடியவர் லதா மங்கேஷ்கர் என்று நேயர்களுக்குத் தெரிய வந்தது. அப்போது அவருக்குச் சுமார் 20 வயது.

லதாவுக்கு அவர் பெயர் திரும்பக் கிடைத்தது. அதே படத்தில் பாடிய ராஜ்குமாரியையும் ஜோஹ்ராபாய் அம்பாலேவாலியையும் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? மறந்துபோன ஹிந்திப் பாட்டை மீட்பது என்றால், என்னைப் பொறுத்தவரை, பாட்டு மறுபடி காதில் விழுவது பாதி வேலைதான். பாடியவர் பெயரை ஆதாரத்தோடு அதன் பக்கத்தில் எழுதினால்தான் வேலை முடியும்.

பெயர்கள் தொலைந்ததற்குக் காரணம் உண்டு. 1931-இல் வந்த இந்தியாவின் முதல் பேசும் படம் 'ஆலம் ஆரா'வில் 7 பாடல்கள். அவற்றுக்கு இசைத்தட்டே போடவில்லை, படச்சுருளும் மிஞ்சவில்லை. அந்த ஏழும் போனவை போனவைதான். அந்தக் காலத்தில் நடிப்பவரே பாடினார், அதனால் தட்டில் பாத்திரத்தின் பெயரைப் போட்டாலும் குழப்பம் இல்லை. 1935-இல் கல்கத்தா நியூ தியேட்டர்ஸின் 'தூப் சாவ்' படத்தில் பின்னணி பாடும் முறை வந்தது. குரல் ஒருவருடையது, முகம் இன்னொருவருடையது என்று ஆன பிறகும் லேபிள் எழுதும் பழக்கம் உடனே மாறவில்லை. 'மஹல்' வரைக்கும் அது நீண்டிருக்கிறது.

ஆகவே பழைய தட்டு ஒன்று கையில் கிடைத்தால், லேபிளில் உள்ள பெயரை நம்புவதற்கு முன் எண்களைப் பாருங்கள். எச்.எம்.வி.யின் திரைப்பாட்டுத் தட்டுகளில் பெரும்பாலும் 'என்' என்ற ஆங்கில எழுத்தோடும், கொலம்பியா நிறுவனத்தின் தட்டுகளில் 'ஜி.இ.' என்ற எழுத்துகளோடும் ஓர் எண் இருக்கும். அது விற்பனை எண். இதைத் தவிர லேபிளைச் சுற்றியுள்ள மழமழப்பான வளையத்தில் இன்னோர் எண் பதிந்திருக்கும். கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் கண்ணில் படும். அது ஒலிப்பதிவின் எண். லேபிள் காகிதம் பக்கம் மாறி ஒட்டப்படலாம், அச்சுப்பிழையும் நேரலாம். வளையத்து எண் மூல அச்சிலிருந்தே வருவதால் அந்தப் பிழைகள் அதைத் தொடுவதில்லை. இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஒத்துப் பார்க்க வேண்டும். கான்பூரைச் சேர்ந்த ஹர்மந்திர் சிங் 'ஹம்ராஸ்', ஹிந்திப் படப் பாடல்களைப் பத்தாண்டுக்கு ஒரு தொகுதியாக, 'ஹிந்தி ஃபிலிம் கீத் கோஷ்' என்ற பெயரில் தொகுத்தார். படம், பாட்டின் முதல் வரி, பாடியவர், எழுதியவர், இசைத்தட்டு எண் எல்லாம் அதில் உண்டு. இந்தத் துறையில் இருப்பவர்கள் முதலில் புரட்டுவது அதைத்தான். நம் ஊர்க் கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம் போல ஹிந்திப் படங்களுக்கும் உண்டு. வரிகளைச் சரிபார்க்க அது உதவும். பாடியவர் பெயர் பல புத்தகங்களில் இருக்காது. தட்டின் ஒரு பக்கத்தில் மூன்றேகால் நிமிடத்துக்கு மேல் அடங்காது என்பதால், படத்தில் உள்ள ஒரு சரணமே தட்டில் விடுபட்டிருக்கலாம். சரணம் குறைகிறதே, இது வேறு பாட்டோ என்று ஏமாந்துவிடக் கூடாது.

ஒரே பெயரில் இருவர் இருந்தால் சிக்கல் கூடும். 1935-இன் ஹிந்தி 'தேவதாஸ்' படத்தில் சந்திரமுகியாக நடித்தவரும் ராஜ்குமாரிதான். 'மஹல்' ராஜ்குமாரி வேறு. பட்டியல்களில் இந்த இருவரையும் ஒருவராக்கி விடுகிறார்கள். சுமன் கல்யாண்பூருக்கு நேர்ந்தது இதற்கு நேர் எதிரானது. குரல் லதாவுக்கு அவ்வளவு நெருக்கம் என்பதால், அவர் பாடியதையும் லதாவின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

எழுத்தில் ஆதாரம் கிடைக்காதபோது காதுதான் சாட்சி. அந்தச் சாட்சியைக் கெடுப்பது பெரும்பாலும் நாம் தட்டை ஓட்டும் விதம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பழைய 78 சுழற்சித் தட்டு, அதாவது நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் தட்டு, அரக்கால் ஆனது. மரச்சாமானுக்குப் பாலிஷ் போடுகிறவர்கள் அரக்கை எதில் கரைக்கிறார்கள்? ஸ்பிரிட்டில். அதே ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் தட்டைத் துடைத்தால் தட்டின் மேல்பரப்பு கரைந்து, பாட்டும் அதோடு போய்விடும். சானிடைசரும் அப்படியே. செய்ய வேண்டியது எளிது. பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் கால் லிட்டர் எடுத்து, பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரே ஒரு சொட்டு கலந்துகொள்ளுங்கள். மெல்லிய பிரஷை அதில் நனைத்து, வரிகள் ஓடும் வட்டத்திலேயே ஓட்டுங்கள். குறுக்கே தேய்க்க வேண்டாம். லேபிளில் நீர் படக் கூடாது. பிறகு வெறும் காய்ச்சி வடித்த நீரில் நனைத்த துணியால் ஒரு முறை துடைத்து, நிழலில் நிமிர்த்தி வையுங்கள். வெயிலில் வைத்தால் தட்டு வளைந்துவிடும்.

அடுத்தது முள். நெடுந்தட்டுக்கு, அதாவது எல்.பி.க்கு, உரிய முள்ளின் நுனி அங்குலத்தில் ஆயிரத்தில் 0.7 பங்கு. 78-க்கு வேண்டியது ஆயிரத்தில் 3 பங்கு. சிறிய முள்ளைப் போட்டால் அது தட்டில் வெட்டிய வரிப் பள்ளத்தின் அடியில் போய் அங்கே படிந்த தூசியை உரசிக்கொண்டே ஓடும். பாட்டு இருப்பது பள்ளத்தின் இரு சுவர்களில். 'தட்டு தேய்ந்துவிட்டது, இரைச்சல்தான் கேட்கிறது' என்று ஒதுக்கிய தட்டு, முள்ளை மாற்றியதும் தெளிவாகப் பாடுவது சாதாரணமாக நடப்பது. முள் தட்டை அழுத்தும் எடை 4 முதல் 5 கிராம் போதும். சாவி கொடுக்கும் பழைய கிராமபோனின் ஒலிப்பெட்டி 100 கிராமுக்கு மேல் அழுத்தும். அரிய தட்டை அதில் ஓட்டாதீர்கள், பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும்.

வேகம் இன்னும் முக்கியம். தட்டு 6 சதவீதம் வேகமாகச் சுற்றினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். குரலின் கனம் குறைந்து, ஜோஹ்ராபாய் போன்ற அடர்ந்த குரல் வேறு யாரோ பாடுவது போல மெலிந்து கேட்கும். பின்னணியில் ஹார்மோனியமோ பியானோவோ இருந்தால், சுருதிப் பெட்டியோடு ஒத்துப் பார்த்து, அருகிலுள்ள கட்டையில் சரியாக உட்காரும்வரை வேகத்தைத் திருத்துங்கள். படத்தின் டிவிடியோடு ஒப்பிடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சினிமா விநாடிக்கு 24 படங்கள் ஓடும். நம் நாட்டு டிவி முறையில் 25. அந்த முறையில் மாற்றிய படத்தில் பாட்டு 4 சதவீதம் வேகமாக, அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறியே ஒலிக்கும். அதைச் சரியான அளவென்று நம்பித் தட்டைத் திருத்தினால் இரண்டும் தவறாகிவிடும்.

இன்னொன்று ஆம்ப்ளிஃபயர். இப்போதுள்ளவை 1954-க்குப் பிறகு வந்த பொது அளவுப்படி உயர் ஒலியைக் குறைக்கும். 10,000 ஹெர்ட்ஸில் சுமார் 14 டெசிபெல். பழைய தட்டுகளில் பல, உயர் ஒலியை அந்த அளவுக்கு ஏற்றிப் பதிந்தவை அல்ல. அப்படியே கேட்டால் பாடகி போர்வைக்குள்ளிருந்து பாடுவது போல இருக்கும். உயர் ஒலியை அந்த அளவுக்குத் திரும்ப ஏற்றிக் கேளுங்கள்.

கணினியில் பதியும்போது 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. கை வைக்காத மூலப் பிரதி ஒன்றைத் தனியே வைத்துவிட்டு நகலில் வேலை செய்யுங்கள். முதலில் டிக் டிக் என்ற வெடிப்புகளை நீக்கலாம். இரைச்சலை முழுக்கத் துடைக்கப் போனால் பாடகியின் மூச்சும் தபலாவின் விளிம்பும் சேர்ந்து அழிந்து, நீருக்கடியில் கேட்பது போல் ஆகிவிடும். கொஞ்சம் இரைச்சல் இருக்கட்டும்.

மீட்டதைப் பிறருக்குக் கொடுக்க நினைப்பவர்களுக்குச் சட்டம் பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவில் ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள். பாட்டின் வரிக்கும் இசைக்கும் கணக்கு வேறு. எழுதியவரும் இசையமைத்தவரும் மறைந்த பின் 60 ஆண்டுகள். 'மஹல்' இசையமைப்பாளர் கேம்சந்த் பிரகாஷ் 1950-இலேயே மறைந்தார். இன்னோர் இசையமைப்பாளரான நௌஷாத் மறைந்தது 2006-இல். இருவரின் பாட்டுகளையும் ஒரே கணக்கில் வைக்க முடியாது.

தேடத் தொடங்குகிறவர்களுக்குச் சில பெயர்கள். 1947-இன் 'தர்த்' படத்தில் 'அஃப்சானா லிக் ரஹீ ஹூம்' பாடிய உமாதேவி. பிற்காலத்தில் டுன் டுன் என்ற பெயரில் நகைச்சுவை நடிகையாகவே மக்கள் மனத்தில் தங்கிவிட்டார். சென்னையில் ஜெமினி எடுத்த 'சந்திரலேகா'வின் ஹிந்தி வடிவத்திலும் பாடியவர் அவர். 1961-இல் 'கபீ தன்ஹாயியோம் மேம்' பாடிய முபாரக் பேகம். கர்நாடகத்தின் பீல்கியிலிருந்து பம்பாய்க்குப் போன பாடகி அமீர்பாய் கர்நாடகி. சுதா மல்ஹோத்ராவுக்கு இரட்டிப்புக் கடன் நமக்கு உண்டு. 1959-இன் 'தீதீ' படத்தில் முகேஷோடு அவர் பாடிய 'தும் முஜே பூல் பீ ஜாவோ' பாட்டுக்கு மெட்டமைத்தவரும் அவரேதான். இவர்களை நம் காதில் வைத்திருந்ததில் இலங்கை வானொலிக்குப் பெரும் பங்கு உண்டு. காலை ஏழரை மணிக்குப் பழைய பாடல்கள், எட்டு மணிக்கு முன் கடைசிப் பாட்டு பழம்பெரும் பாடகர் சைகல் பாடியது என்ற ஒழுங்கைப் பல்லாண்டுகள் காப்பாற்றிய நிலையம் அது.

ராஜ்குமாரி பிற்காலத்தில் கோரஸ் பாடகர்களில் ஒருவராக நின்றிருக்கிறார். 1972-இல் வந்த 'பாகீஸா'வின் பின்னணி இசைப் பதிவில் நௌஷாத் அவரை அடையாளம் கண்டு தனியே பாட வைத்தார். அவர் உச்சத்தில் இருந்தபோது பாடியதை இப்போது கேட்கப் போகிறோம். படம் 'மஹல்', ஆண்டு 1949, இசை கேம்சந்த் பிரகாஷ், பாட்டு 'கப்ரா கே ஜோ ஹம் சர் கோ டக்ராயேம்'. பாடுபவர் ராஜ்குமாரி.